தாழி திறக்கும் மாதத்தில் போங்கள்: ஜார்ஜியாவின் ஒயின் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கள் பக்கத்தில் பல வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போயிருக்கிறார்கள். ஆறு வருடப் படிப்பு. அதற்குள் ஒரு முறையாவது பெற்றோர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். போனவர்கள் தலைநகர் திபிலிசியின் பழைய தெருக்களைச் சுற்றிவிட்டு, வடக்கே பனிமலையைப் பார்த்துவிட்டு, கடைசி நாளில் ஒயின் சுற்றுலா என்று ஒரு வேனில் ஏறுகிறார்கள். நானும் என் கணவரும் முதல் முறை அப்படித்தான் ஏறினோம். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை ஐந்து இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கூடம், வரிசையாகக் கோப்பைகள், ஊற்றிக் கொடுக்க ஒரு பெண், வெளியேறும் வாசலில் விலைப்பட்டியல். அரை மணி நேரத்தில் மறுபடியும் வேன்.

எங்களுக்குத் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலையைப் பார்த்தபடி மூன்று ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தல் இருக்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாகக் கவாத்துக் கத்தரி என் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட நான், எட்டாயிரம் ஆண்டுகளாகத் திராட்சை வளர்க்கும் நாட்டுக்குப் போய் ஒரு கொடியைக்கூடத் தொடாமல் திரும்பினேன். அன்று இரவு மகனின் அறையில் படுத்தபோது மனம் ஆறவில்லை. அடுத்து இரண்டு முறை போனோம். ஒன்று அக்டோபரில், ஒன்று ஏப்ரலில். இரண்டு முறையும் வேனில் ஏறவில்லை. எங்கள் ஊரில் இப்போது பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒயின் என்பது கடைச் சரக்குக்கு முன்னால் ஒரு வெள்ளாமை. நம் வீடுகளில் குதிரில் நெல் இருந்தது போல அவர்கள் வீடுகளில் அது மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு தோட்டக்காரர் இன்னொரு தோட்டக்காரர் வீட்டுக்குப் போவது போலப் போனால்தான் அது கண்ணில் படும்.

மண்ணுக்குள் இருக்கும் தாழி

அவர்களின் தாழிக்கு க்வெவ்ரி என்று பெயர். முட்டை வடிவம், அடி கூராக முடியும். அதைக் கழுத்து வரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். தரையில் வட்டமான வாய் மட்டும் தெரியும். தாழிகள் புதைந்திருக்கும் அறை மரானி. சில நூறு லிட்டர் கொள்ளும் தாழியும் உண்டு, இரண்டாயிரம் லிட்டரைத் தாண்டும் தாழியும் உண்டு. இவ்வளவு பெரியதைச் சக்கரத்தில் வனைய முடியாது. களிமண்ணைக் கயிறு போலத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, ஓர் அடுக்கு இறுகிய பிறகுதான் அடுத்ததை ஏற்றுகிறார்கள். ஒரு தாழி எழும்பி நிற்க வாரக்கணக்கில் ஆகும். பிறகு சூளையில் பல நாள் வேக வேண்டும். வெந்த தாழி சூடு ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகைப் பூசிவிடுகிறார்கள். மெழுகு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கி, கசிவைத் தடுக்கிறது.

அறுவடையான திராட்சையை மரத்தொட்டியில் போட்டு மிதிக்கிறார்கள். காகேத்தி என்ற கிழக்கு மாகாணத்தில் சாற்றை மட்டும் எடுப்பதில்லை. தோல், விதை, காம்பு எல்லாமே சாற்றோடு தாழிக்குள் போகும். ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை; நம் திராட்சையின் மேலும் சாம்பல் பூத்தது போல ஒரு பூச்சு இருக்கிறதே, அதோடு வரும் ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும். பொங்கும் நாட்களில் தோல் எல்லாம் மேலே வந்து தொப்பி போலக் கட்டிக்கொள்ளும். அதை நீண்ட கழியால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை உள்ளே அமுக்க வேண்டும். பொங்கி அடங்கியதும் கல் மூடியை வைத்துக் களிமண்ணால் அடைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஐந்தாறு மாதம் யாரும் தொடுவதில்லை. நிலத்தடியில் குளிரும் வெப்பமும் அதிகம் மாறாது. 14, 15 டிகிரியிலேயே நிற்கும். குளிர்சாதனம், மோட்டார் எதுவும் வேண்டாம்.

தோலும் விதையும் சேர்ந்த அந்தச் சக்கையை அவர்கள் ‘தேதா’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் தேதா என்றால் அம்மா. ஒயின் குளிர்காலம் முழுவதும் தாயோடு இருக்கிறது. வசந்தத்தில்தான் பிரிக்கிறார்கள். அதற்குள் சக்கையும் வண்டலும் தாழியின் கூரான அடியில் போய் ஒடுங்கிவிடும். மேலே நிற்பது தெளிந்திருக்கும். இதைக் கேட்டபோது எனக்கு நம் பழைய சொல் ஒன்று ஞாபகம் வந்தது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைச் சங்கப் பாடல் தேறல் என்கிறது. தேறல் என்றால் தெளிந்தது. கரூரில் அகழாய்வு செய்தபோது ரோமானியர் ஒயின் கொண்டுவரும் ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்த ஜாடிக்கும் அடி கூராகத்தான் இருக்கும். கொங்கு மண்ணுக்கு இந்த வடிவம் புதிதில்லை.

திபிலிசிக்குத் தெற்கே 50 கிலோமீட்டர் அளவில் இரண்டு பழைய குடியிருப்பு மேடுகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் டார்டாரிக் அமிலம் படிந்திருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காலம் கி.மு. 6000ஐ ஒட்டியது. நம் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். அந்த நாட்டில் புளி கிடையாது, திராட்சைதான் அதைத் தரும். உலகத்தில் ஒயினுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. தாழி முறையை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

எந்த மாதம்

இரண்டு காலம்தான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை காகேத்தியில் அறுவடை. அதற்கு ர்த்வேலி என்று பெயர். திபிலிசியில் வேலை பார்ப்பவர்கள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். பொங்கலுக்கு நம் ஆட்கள் சென்னையிலிருந்து கிளம்புவது போலத்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் உங்கள் கையிலும் ஒரு கத்தரியும் வாளியும் கொடுப்பார்கள். கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பந்தலில் கழுத்தை அண்ணாந்து வெட்டிப் பழகிய எனக்கு, இடுப்பு உயரக் கம்பியில் வரிசையாக நிற்கும் கொடியில் குனிந்து வெட்டியது முதுகைப் பிடித்துவிட்டது. ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அறுவடைக் காலத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. பொங்கிக்கொண்டிருக்கும் தாழியின் வாய்க்குள் தலையைக் கொண்டுபோய் முகர்ந்து பார்க்காதீர்கள். பொங்கும்போது வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தாழியிலும் தாழ்வான அறையிலும் தேங்கி நிற்கும். பாழ்கிணற்றுக்குள் இறங்கும் முன் விளக்கை விட்டுப் பார்ப்போமே, அதே ஆபத்துதான். குழந்தைகளைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காலம் மார்ச் கடைசியும் ஏப்ரலும். தாழி திறக்கும் பருவம். ஆரவாரம் இருக்காது, அறை வாடகை குறைவு, வீட்டுக்காரர்களுக்கு நம்மோடு பேச நேரம் இருக்கும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஏப்ரலில் போங்கள் என்பேன். அறுவடையில் கூட்டத்தையும் வேலையையும் பார்க்கலாம். தாழி திறப்பதில்தான் விளைந்தது என்ன என்று தெரியும். சைவச் சாப்பாடு மட்டும் உண்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் அங்குள்ள கிறிஸ்தவர்கள் நோன்பு இருக்கிறார்கள். இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத நோன்புச் சாப்பாட்டுக்குச் ‘சமர்க்வோ’ என்று பெயர். அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள். எந்த மாதமானாலும் அதைச் சொன்னால் சமையல்காரருக்கு உடனே புரிந்துவிடும். ‘வெஜிடேரியன்’ என்று சொன்னபோது எங்களுக்குக் கோழி சூப் வந்தது.

போகும் வழி

கோவையிலிருந்து சார்ஜா வழியாகத் திபிலிசிக்குப் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இணையவழி விசா உண்டு. வளைகுடா நாட்டுக் குடியிருப்பு அனுமதியோ அமெரிக்க, ஐரோப்பிய விசாவோ இருப்பவர்களுக்குத் தனிச் சலுகைகள் இருக்கின்றன. விதிகள் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

திபிலிசியில் தங்கி ஒரே நாளில் காகேத்திக்குப் போய்வரும் திட்டத்தை விட்டுவிடுங்கள். தெலாவி என்ற ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஓர்தசாலா பஸ் நிலையத்திலிருந்து ‘மர்ஷுருத்கா’ என்ற சிற்றுந்து போகிறது. இசானி மெட்ரோ நிலையத்தின் வாசலில் பங்கு டாக்சியும் கிடைக்கும். கோம்போரி கணவாய் வழியாகப் போகும் வண்டியில் இடம் பிடியுங்கள். வளைந்து வளைந்து ஏறி மறுபக்கம் இறங்கும்போது, திடீரென்று அலசானி ஆற்றுச் சமவெளி முழுவதும் விரியும். அதற்குப் பின்னால் சுவர் போலக் காகசஸ் மலை, உச்சியில் பனி. மலையடிவாரத்துத் தோட்டக்காரி நான். எங்கள் ஊரை யாரோ நூறு மடங்கு பெரிதாக்கி வைத்தது போல இருந்தது.

தெலாவியில் குடும்பங்கள் நடத்தும் விருந்தினர் வீடுகள் நிறைய. வீட்டுக்காரரிடமே கேட்டால் நாள் வாடகைக்கு ஒரு காரும் ஓட்டுநரும் ஏற்பாடு செய்வார். நீங்களே வண்டி ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். ருசி பார்க்கப் போகிற நாளில் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கக் கூடாது.

யார் வீட்டுக்குப் போவது

ஒரு நாளைக்கு இரண்டு இடம். மூன்றாவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்று பெரிய இடமாகவோ பழைய இடமாகவோ இருக்கட்டும், மற்றது கட்டாயம் ஒரு குடும்பத்தின் மரானியாக இருக்க வேண்டும்.

பெரிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்வரேலியில் மலையைக் குடைந்து போட்ட 7.7 கிலோமீட்டர் சுரங்கத்தில் கரேபா நிறுவனத்தின் பாட்டில்கள் உறங்குகின்றன. வெயில் நாளில் உள்ளே நடப்பது சுகம். சினந்தாலியில் கவிஞரும் இளவரசருமான அலெக்சாந்தர் சவ்சவாத்சேயின் மாளிகை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய முறையில் ஒயினைப் பாட்டிலில் அடைக்கும் வழக்கத்தை இந்த நாட்டில் தொடங்கியவர் அவர். 1814ஆம் வருடத்துப் பாட்டில்கூட நிலவறையில் இருக்கிறது. தோட்டம் அழகு. இரண்டையும் பாருங்கள், ஆனால் நாளை அங்கேயே கழித்துவிட வேண்டாம்.

அலவெர்தி மடத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். சமவெளியின் நடுவே 11ஆம் நூற்றாண்டுப் பேராலயம் ஒற்றையாக எழுந்து நிற்கிறது. மதில் சுவருக்குள் துறவிகளே கொடி வளர்க்கிறார்கள், தாழியில் ஒயின் செய்கிறார்கள். பூசைக்கு அது வேண்டும். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை அங்கே கொண்டுவந்த புனித நீனோவின் சிலுவை, திராட்சைக் கொடியைத் தன் கூந்தலால் கட்டிச் செய்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மக்களுக்குக் கொடி கோயிலைச் சேர்ந்தது. பெண்கள் தலையை மூட வேண்டும், கால்சட்டை கூடாது. இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி வாசலிலேயே வைத்திருப்பார்கள். எனக்குச் சேலை முந்தானையே போதுமாக இருந்தது. நிலவறைக்குள் எல்லா நாளும் விடுவதில்லை. விடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

பக்கத்திலேயே இகால்தோ மடத்தின் முற்றத்தில் பழைய தாழிகள் மண்ணுக்கு வெளியே சாய்ந்து கிடக்கின்றன. தாழியின் முழு உருவத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. புதைத்த பிறகு வாய் மட்டும்தானே தெரியும். தாழி எப்படி எழும்புகிறது என்று பார்க்க ஆசையிருந்தால் தெலாவிக்கு அருகே வர்திசுபானி என்ற குயவர் ஊருக்குப் போங்கள்.

இனி வீடுகள். சோவியத் காலத்தில் தொழிற்சாலைகள் ஒரு சில ரகங்களை மட்டும், ஏராளமாக, எஃகுத் தொட்டிகளில் செய்தன. 1985இல் கோர்பச்சேவ் மது ஒழிப்பு நடவடிக்கை கொண்டுவந்தபோது கொடிகளையே பிடுங்கினார்கள். நாட்டின் சொந்த ரகங்கள் 500க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். தாழி முறையும் அந்த ரகங்களில் பலவும் பிழைத்தது, வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கரிலும் அரை ஏக்கரிலும் தங்களுக்கென்று வைத்திருந்த குடும்பங்களால்தான். அதனால்தான் குடும்ப மரானியைக் கட்டாயம் என்கிறேன். விருந்தினர் வீட்டில் கேளுங்கள். இரண்டு நாளைக்கு முன்பே தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், சாப்பாடு வேண்டுமா, சைவமா என்பதைச் சொல்லிவிடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்வதில் இரு தரப்புக்கும் மரியாதைக் குறைவு இல்லை. வெறுங்கையோடு போகாதீர்கள். நாங்கள் ஒரு கிலோ கருப்பட்டியும் கொஞ்சம் ஏலக்காயும் கொண்டுபோனோம். அந்த வீட்டுப் பாட்டி கருப்பட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாமல் எடுத்து வைத்தார்.

போன உடனே மேஜையில் உட்காராதீர்கள். முதலில் தோட்டம், பிறகு மரானி, பிறகுதான் மேஜை. இந்த வரிசையை நீங்களே கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் என்ன ரகம், எத்தனை வயதுக் கொடி, என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். மயில்துத்தும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையின் நீலத்தை அவர்கள் இலையிலும் பார்த்தபோது எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. விவசாயம் தெரியாதவர்களும் கேட்கலாம். அந்தக் கேள்விகளைக் கேட்டதும் வீட்டுக்காரரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

ஏப்ரலில் நாங்கள் போன வீட்டில் தாத்தா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், எங்களுக்காக ஒரு தாழியைத் திறந்தார். முதலில் மூடியைச் சுற்றி இருந்த காய்ந்த களிமண்ணைச் சிறு கரண்டியால் சுரண்டினார். விழுந்த துகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார், ஒரு துகள்கூட உள்ளே போகவில்லை. மறுபடியும் துணியை அலசிப் பிழிந்து வாயைச் சுற்றித் துடைத்தார். இதற்கே கால் மணி நேரம் ஆனது. யாரும் பேசவில்லை. கல் மூடியை இரண்டு கையாலும் நகர்த்தியதும் முதலில் வந்தது மணம். காய்ந்த சர்க்கரைப் பாதாமி, வெட்டிய வைக்கோல், கொஞ்சம் தேன்மெழுகு. உள்ளே கறுப்பாக ஒரு வட்டம். மகன் கைபேசி விளக்கை அடித்தபோது அந்தக் கறுப்பு, வடித்த நல்லெண்ணெய் நிறத்துக்கு மாறியது. தாத்தா சுவரில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்தார். நீண்ட கழியின் நுனியில் ஒரு சுரைக்குடுக்கை. அதன் பெயர் ஓர்ஷிமோ. அதைத் தாழிக்குள் மெதுவாக, மேற்பரப்பு கலங்காமல் சாய்த்து மொண்டார்.

என் அப்பாரு காலத்தில் எங்கள் ஊர்ப் பனையேறிகள் இடுப்பில் கட்டியிருந்ததும் சுரைக்குடுக்கைதான். கள் இறக்கத் தடை வந்த பிறகு அந்தக் குடுக்கையை நான் எங்கும் பார்க்கவில்லை. காகசஸ் மலையடிவாரத்தில் ஒரு தாத்தாவின் கையில் அதைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு நாடு தன் குடுக்கையை விடாமல் வைத்திருப்பதற்கு எவ்வளவு பேர் எவ்வளவு காலம் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும்.

மொண்டதும் முதல் கிண்ணம் விருந்தாளிக்கு. கண்ணாடிக் கோப்பை இல்லை, சிறிய மண் கிண்ணம். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாக்கு என்ன எதிர்பார்க்கலாம்

ஒயின் என்றால் இனிப்பு என்று பழகிய நாக்குகள் நம்முடையவை. நீலகிரியில் வீட்டில் செய்து விற்கும் ஒயினை ருசித்தவர்கள் அந்த ஞாபகத்தோடு தாழி ஒயினைக் குடித்தால் முகம் சுளிப்பார்கள். இதில் இனிப்பு இருக்காது. முதன்மையான சுவை துவர்ப்பு. வெள்ளைத் திராட்சையையே தோலோடும் காம்போடும் ஆறு மாதம் ஊற வைப்பதால் நிறம் பொன்னாகிவிடும், துவர்ப்பும் இறங்கிவிடும். ஆறு சுவையில் துவர்ப்புக்கு ஓர் இடம் கொடுத்தவர்கள் நாம். வாழைப்பூவும் நெல்லிக்காயும் சாப்பிடுகிற நாக்குக்கு இது அந்நியமில்லை. முதல் மடக்கில் தீர்ப்புச் சொல்லாமல், ஒரு வாய் ரொட்டியும் அக்ரூட் அரைத்துப் பூசிய கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது மடக்கைக் குடித்துப் பாருங்கள்.

மூன்று பெயர்கள் போதும். ர்க்கத்சித்தெலி, வெள்ளை ரகம், காகேத்தியின் உயிர்நாடி. கீசி, அதுவும் வெள்ளை. பழமணம் கூடுதல், துவர்ப்பு மென்மை. முதல் முறை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சாப்பெராவி சிவப்பு. அந்தப் பெயருக்கே சாயம் என்று பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளை நசுக்கினால் சாறு வெளிறித்தான் இருக்கும், நிறமெல்லாம் தோலில். சாப்பெராவிக்குச் சதையே சிவப்பு. பழமாகக் கிடைத்தால் ஒன்றை விரலால் பிதுக்கிப் பாருங்கள், விரல் நாவற்பழம் தின்ற நாக்கு போல ஆகிவிடும். இனிப்புத்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கிந்த்ஸ்மராவுலி, க்வான்ச்கரா என்ற இயற்கையான அரை இனிப்பு ஒயின்கள் இருக்கின்றன.

நான் குடிக்கும் பழக்கம் இல்லாதவள். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு பாத்திரம் கேட்டேன், கொடுத்தார்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘சாச்சா’ என்று ஒன்றை ஊற்றினால் மட்டும் கவனம். அது சக்கையைக் காய்ச்சி வடித்த சாராயம். தண்ணீர் போல இருக்கும், நெஞ்சை எரிக்கும். அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மேஜையில்

சாப்பாட்டு மேஜையை அவர்கள் ‘சுப்ரா’ என்கிறார்கள். அதற்கு ‘தமாதா’ என்று ஒரு தலைவர் இருப்பார். அவர் எழுந்து பேசி முடிக்கும் வரை யாரும் கோப்பையைத் தொடக் கூடாது. தாமாக ஊற்றி, தாமாகக் குடிப்பது அங்கே பண்பில்லை. கடவுளுக்கு, அமைதிக்கு, பெற்றோருக்கு, இறந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் இரண்டு வரி வாழ்த்தாக நிற்பதில்லை, உண்மையான பேச்சு. இறந்தவர்களை நினைக்கும்போது அந்த வீட்டுத் தாத்தா ரொட்டித் துண்டின் மேல் இரண்டு சொட்டு ஒயினை விட்டார். முடிவில் எல்லோரும் ‘கௌமர்ஜோஸ்’ என்பார்கள். கோப்பையை உதட்டில் வைத்து எடுத்தாலே போதும், காலி செய்ய வேண்டிய கட்டாயம் விருந்தாளிக்கு இல்லை. பீரில் வாழ்த்துச் சொல்லாதீர்கள், பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள்.

பேசும் முறை உங்களுக்கும் வரும். தமாதா ‘அலவெர்தி’ என்று உங்கள் பெயரைச் சொன்னால் அவர் தொடங்கியதை நீங்கள் தொடர வேண்டும் என்று பொருள். இதற்கு ஆயத்தமாகப் போங்கள். தமிழிலேயே பேசலாம், பிள்ளை மொழிபெயர்த்துவிடுவான். என் கணவர், மாமனார் பந்தல் போட்ட வருடத்தையும், முதல் காய்ப்பில் வியாபாரி ஏமாற்றியதையும், மறு வருடம் மறுபடி கவாத்து செய்ததையும் சொன்னார். வீட்டில்கூட அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வாங்கி வருவது

வீட்டு மரானியில் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழாதீர்கள். ஒரு பாட்டிலாவது வாங்குங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வை இல்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர், அதாவது முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், ஊர் வரை தாங்காது. கண்ணாடிப் பாட்டிலைப் பழைய நூல் சேலையில் சுற்றி, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியின் நடுவில் வையுங்கள். கைப்பையில் விட மாட்டார்கள். சார்ஜாவில் மதுவுக்கு முழுத் தடை இருக்கிறது. வழியில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து உறவினர் வீட்டில் தங்கும் எண்ணம் இருந்தால் பாட்டிலே வாங்காதீர்கள்.

ஒயின் வேண்டாத வீடுகளுக்குச் ‘சுர்ச்கேலா’ வாங்குங்கள். அக்ரூட் பருப்பை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கித் தொங்கவிட்டு உலர்த்துவது. பார்க்க மெழுகுவர்த்தி போல இருக்கும். சர்க்கரை சேராது. சாலையோரம் தொங்குவதைவிட வீட்டில் செய்ததை வாங்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் வரை இருந்தது.

கொடித் துண்டு மட்டும் கொண்டுவர வேண்டாம். தோட்டக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆசை வரும். வெளிநாட்டுச் செடியை அனுமதிச் சீட்டும் பரிசோதனையும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். அதோடு வரும் ஒரு பூச்சியோ பூஞ்சையோ ஊர்ப் பந்தல்களையே அழித்துவிடக்கூடும். கிளம்பும் நாளில் தாத்தா, கவாத்தில் வெட்டி மணலில் புதைத்து வைத்திருந்த சாப்பெராவித் துண்டு இரண்டை ஈரத்துணியில் சுற்றி என் கையில் வைத்தார். ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மகன் காரணத்தைச் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டு அவற்றை மறுபடியும் மணலில் செருகினார். பிறகு எங்கள் ஊரில் எந்த மாதம் கவாத்து என்று கேட்டார். வருடத்துக்கு இரண்டு முறை வெட்டுகிறோம், இரண்டு முறை காய்க்கிறது என்று மகன் சொன்னான். தாத்தா என்னைப் பார்த்தார்.

“அப்படியானால் உங்கள் கொடி எப்போது தூங்கும்?”

தூங்குவதில்லை என்றேன்.